கசப்பு இனிப்பை முறிக்குமா?

நமது நாட்டில் சர்க்கரை வியாதி என்கின்ற நீரிழிவானது பணக்காரர் வியாதி என்று சொல்லப்பட்ட காலம் போய், இன்று கூலிக்காரர், குடியானவர், தையற்காரர், லாரி ஓட்டுகிறவர் ஆகிய எல்லோர் வீட்டிலும் குடிபுகுந்த வியாதியாக ஆகிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் தேசமெங்கும் எடுக்கப்பட்டு 2023-ல் வெளியான கணக்குப்படி, இந்தியாவில் இந்த வியாதி உள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர். இன்னும் வியாதி வராமல், ஆனால் வரும் வாசற்படியில் நிற்கின்றவர்கள் 13 கோடியே 60 லட்சம் பேர். இந்தக் கணக்கைப் பார்த்து டாக்டர்கள் கவலைப்படுகிறார்கள். ஆனால் இதைப் பார்த்துச் சந்தோஷப்படுகின்ற ஒரு கூட்டமும் இருக்கின்றது. அவர்கள்தான் பொடி விற்கிறவர்கள், சூரணம் விற்கிறவர்கள், பச்சிலைச் சாறு விற்கிறவர்கள், செல்போனில் முகத்தைக் காட்டி “மாத்திரையைத் தூக்கி எறியுங்கள், 48 நாளில் சர்க்கரை போய்விடும்” என்று பேசுகிறவர்கள் ஆகிய இவர்களேயாவார்கள்.

இவர்களுடைய சரக்குகள் வேறு வேறாக இருந்தாலும் மூலமந்திரம் ஒன்றே ஒன்றுதான். அதாவது, வியாதி இனிப்பு. ஆகவே மருந்து கசப்பு என்பதேயாகும். பாகற்காய், வேப்பங்கொழுந்து, நிலவேம்பு, வெந்தயம், ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான், நாவற்கொட்டை என்று எதைச் சொன்னாலும், அதைக் கேட்கின்றவர் “ஆமாம், கசக்கிறதல்லவா, கேட்கத்தானே செய்யும்” என்று தலையசைத்து விடுகிறார். படித்தவரும் அசைக்கிறார், படியாதவரும் அசைக்கிறார். ஆதலால் இந்தத் தத்துவத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம் என்று கருதுகிறோம்.

முதலாவது, இந்த வியாதிக்குச் சர்க்கரை என்று பேர் வைத்தது நாம். மூத்திரம் இனித்தது, எறும்பு மொய்த்தது, பேர் வைத்துவிட்டோம். ஆனால் ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது? நாம் தின்கிற சோற்றிலிருந்தும், இட்லியிலிருந்தும், பரோட்டாவிலிருந்தும் வருகிறது. சோறு இனிப்பா? உப்பும் புளியும் மிளகாயும் போட்டுத்தானே அதைத் தின்கிறோம்? அந்தப் புளிப்பும் காரமும் சோறு சர்க்கரையாக மாறுவதைத் தடுக்கவில்லையே! அப்படியிருக்க, பாகற்காயின் கசப்பு மாத்திரம் உள்ளே போய் எந்த இனிப்பைப் பிடித்து முறிக்கப் போகிறது? ருசி என்பது நாக்குக்கும் மூளைக்கும் உள்ள சங்கதி. ரத்தத்திற்குள் கசப்பு ஒரு பக்கமாகவும் இனிப்பு ஒரு பக்கமாகவும் வந்து சந்தித்துச் சண்டை போட்டுக் கொள்வதில்லை. பேரை வைத்து வைத்தியம் செய்வதென்றால், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு ஐஸ் தண்ணீரைக் கொடுத்துக் கொதிப்பை ஆற்றலாமே! அப்படி ஒருவன் சொன்னால் சிரிக்கின்ற நாம், இப்படி ஒருவன் சொன்னால் மாத்திரம் பணத்தை எடுத்துக் கொடுப்பானேன்?

இரண்டாவது, செடி ஏன் கசக்கிறது என்று யோசித்தோமா? வேம்பு நமக்காகக் கசக்கவில்லை. செடிக்கு ஓடத் தெரியாது, கொம்பும் நகமும் கிடையாது. ஆடு கடிக்க வந்தாலும் புழு அரிக்க வந்தாலும் அதைத் துரத்துவதற்குச் செடி தன் உடம்பிலேயே பலவித ரசாயனங்களைச் செய்து வைத்துக் கொள்ளுகிறது. அவைகளில் சில கசக்கும், சில நாறும், சில கொல்லும். ஏதோ ஒன்றிரண்டு தற்செயலாய் மனிதனுக்கு உபயோகப்படுகின்றன என்பதும் உண்மைதான். ஆனால் “இயற்கை, ஆகவே தீங்கில்லை” என்று சொல்லுகிறவர்களை, அரளி விதையும் எட்டிக் கொட்டையும் எந்தக் கம்பெனியில் செய்யப்பட்டவை என்று கேட்கின்றோம்.

நிற்க, சென்ற வருஷம் ஒரு சந்தையில் நாம் கண்ட காட்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருவர் மேசை போட்டுச் சிறுகுறிஞ்சான் இலையைக் குவித்து வைத்திருந்தார். கூட்டத்தில் ஒருவரைக் கூப்பிட்டு இரண்டு இலையை நன்றாய் மெல்லச் சொன்னார். சிறிது நேரம் பொறுத்து ஒரு கை சீனியை வாயில் போட்டார். மென்றவர் முகத்தைச் சுளித்து, “மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கிறது” என்றார். கூட்டம் பிரமித்து விட்டது. உடனே வியாபாரி, “வாயிலேயே சர்க்கரையைக் கொன்றுவிட்டதே, உடம்பிலே விட்டு வைக்குமா?” என்றார். பொட்டலங்கள் பறந்தன.

இதில் கண்கட்டு வித்தை ஒன்றுமில்லை. மென்றவர் சொன்னது முழுதும் உண்மை. அந்த இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலம் என்கிற பொருள், நாக்கில் இனிப்பை அறிகின்ற நுண்ணிய வாயில்களில் போய் உட்கார்ந்து கொள்ளுகிறது. அரைமணி நேரம் அல்லது சற்று அதிகமாக இனிப்பு தெரியாது. உப்பு தெரியும், புளிப்பு தெரியும். இவ்வளவுதான் நடந்தது. சர்க்கரை எங்கே போயிற்று? அந்த மனிதர் விழுங்கிய சீனி ஒரு குறுணை குறையாமல் வயிற்றுக்குப் போய், அங்கிருந்து ரத்தத்திற்குப் போயிற்று. கண்ணைக் கட்டிக் கொண்டால் எதிரே வருகின்ற லாரி மறைந்து விடுமா? அதே மேசையில் விரலைக் குத்திப் பார்க்கிற சிறிய கருவி ஒன்றை வைத்து, சீனி தின்பதற்கு முன்னும் ஒருமணி நேரம் கழித்தும் ரத்தத்தைப் பார்த்திருந்தால் விஷயம் வெட்ட வெளிச்சமாகியிருக்கும். அந்தக் கருவி மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. அவர் அதை வைக்கவில்லை; கூட்டத்தாரும் கேட்கவில்லை.

ஆனால் நாம் நியாயத்தை விட்டுப் பேச விரும்பவில்லை. சிறுகுறிஞ்சானுக்கு ரத்தச் சர்க்கரை விஷயத்தில் ஒன்றுமே கிடையாது என்று நாம் சாதிக்கவில்லை. 1990-ல் சென்னை ஆராய்ச்சியாளர்கள், பெரியவர்களுக்கு வருகின்ற நீரிழிவு உள்ள 22 பேருக்கு, டாக்டர் மாத்திரையோடு கூட இந்த இலையின் சத்தைத் தினம் 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதம் வரை கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கியதாகவும், 22 பேரில் 5 பேர் டாக்டர் மாத்திரையை நிறுத்த முடிந்ததாகவும் எழுதினார்கள். இது கவனிக்கத்தக்க செய்தி. ஆனால் 22 பேர் என்பது மிகச் சொற்பம். அன்றியும் யாருக்கு இலை, யாருக்கு வெறும் மாத்திரை என்பது யாருக்கும் தெரியாதபடி சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த பரீட்சையும் அல்ல. முக்கியமாய், அந்த 5 பேரும் மாத்திரையை விட்டது ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து; சந்தைக் கூட்டத்தில் கை தட்டலைக் கேட்டு அல்ல. மீதி 17 பேர் மாத்திரையை விடமுடியவில்லை என்பதையும் வியாபாரிகள் சொல்லுவதில்லை.

பாகற்காயைப் பற்றி வேறொரு புதுப் புரளி கிளம்பியிருக்கிறது. அதில் “தாவர இன்சுலின்” இருக்கிறதாம். இருந்தால்தான் என்ன? இன்சுலின் என்பது ஒருவகைப் புரதம். முட்டையும் பருப்பும் வயிற்றில் எப்படிச் செரித்து உருத்தெரியாமற் போகின்றனவோ, அப்படியே இன்சுலினும் செரித்துப் போகும். வாயால் குடித்தால் வேலை செய்யுமென்றால், 100 வருஷத்துக்கு மேலாக உலகத்தார் ஏன் அதை ஊசியாய்க் குத்திக் கொள்ளுகிறார்கள்? வலியில் ஆசையா? பாகற்காயை மனிதர்களுக்குக் கொடுத்துச் செய்த சரியான பரீட்சைகளை எல்லாம் தேடி எடுத்து 2012-ல் காக்ரேன் என்கிற சர்வதேச ஆராய்ச்சிக் கூட்டத்தார் பார்த்தபோது, கிடைத்தவை 4 பரீட்சைகள். அவற்றில் இருந்தவர்கள் 479 பேர். பலன் உண்டு என்று சொல்லத்தக்க ஆதாரம் போதாது என்பதே அவர்கள் முடிவு. பாகற்காய் நல்ல காய். பொரியலாகவோ குழம்பாகவோ தாராளமாய்த் தின்னலாம். தின்கின்ற சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து அந்த இடத்தில் அதை வைத்தால் சர்க்கரை குறையவும் செய்யும். அது கசப்பினால் அல்ல, ஒரு கரண்டி சோறு குறைந்ததினால்.

இந்தக் கசப்புச் சாற்றை விடியற்காலை 5 மணிக்கு எழுந்து அரைத்துப் பிழிந்து கொடுக்கிறவர்கள் யார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டுப் பெண்கள்தான். அவர்களில் எத்தனையோ பேருக்குத் தங்கள் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று தெரியாது. ஒருநாளும் பார்த்திருக்கவும் மாட்டார்கள்.

மற்றொரு புரட்டு அளவைப் பற்றியது. வெந்தயத்தை எடுத்துக் கொள்ளுங்கள். 1990-ல் ஐதராபாத்திலுள்ள தேசிய உணவு ஆராய்ச்சி நிலையத்தார் வெந்தயப் பொடியைக் கொடுத்துப் பார்த்ததில் மூத்திரத்தில் போகின்ற சர்க்கரை சுமார் பாதியளவு குறைந்தது. இதை எல்லோரும் எடுத்துச் சொல்லுகிறார்கள். ஆனால் கொடுத்தது எவ்வளவு? எண்ணெய் நீக்கிய பொடி, தினம் 100 கிராம், 10 நாள். நம் வீட்டில் இரவு ஊறவைத்து விழுங்குவது ஒரு டீஸ்பூன். 100 கிராம் எங்கே, ஒரு டீஸ்பூன் எங்கே? மேலும் வெந்தயத்தில் இந்த வேலையைச் செய்வதாய்க் கண்டது பெரும்பாலும் அதன் கசப்பு அல்ல. ஊறினால் கொழகொழவென்று ஆகிறதே, அந்த நார்ச்சத்துத்தான். அது குடலில் சோற்றோடு கலந்து நின்று, சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்துகிறது.

மஞ்சளும் அப்படியே. மஞ்சளிலுள்ள குர்குமின் என்கிற பொருளைத் தாய்லாந்தில் வியாதியின் வாசற்படியில் நின்ற 240 பேரில் பாதிப்பேருக்குக் கொடுத்து, மற்றப் பாதிக்கு வெறும் மாத்திரை கொடுத்து 9 மாதம் பார்த்தார்கள். 2012-ல் வெளியான முடிவு என்னவென்றால், வெறும் மாத்திரை தின்றவர்களில் 100-க்கு 16 பேருக்கு வியாதி வந்தது. குர்குமின் தின்றவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. இப்படி ஒரே பரீட்சையில் அதிசயம் போன்ற பலன் கிடைத்தால், அறிவுள்ளவன் குதிக்கமாட்டான். “வேறு ஊரில், வேறு ஆட்கள், இதைவிடப் பெரிதாய்ச் செய்து பார்க்கட்டும்” என்பான். அது கிடக்கட்டும். அங்கே கொடுத்தது தினம் ஒன்றரை கிராம் குர்குமின். மஞ்சளில் குர்குமின் 100-க்கு சுமார் 3 பங்குதான். ஆகவே அந்த அளவுக்கு மஞ்சளாகத் தின்பதானால் தினம் 50 கிராம் தின்னவேண்டும்! அதையும் உடம்பு சுலபத்தில் ஏற்றுக் கொள்வதில்லை. குடலில் பெரும்பகுதி நின்றுவிடும். போனதையும் ஈரல் மாற்றி வெளியே தள்ளிவிடும். மிளகிலுள்ள பைப்பரின் சேர்த்தால் ரத்தத்தில் ஏறுவது 20 மடங்கு அதிகமாகிறது என்று 1998-ல் பெங்களூரில் கண்டார்கள். உடனே வியாபாரிகள் இரண்டையும் சேர்த்துக் குப்பியில் அடைத்தார்கள். பிறகு அப்படிப்பட்ட மாத்திரைகளைத் தின்ற சிலருக்கு ஈரல் வீங்கிப் போன சேதிகள் இத்தாலி முதலிய தேசங்களிலிருந்து வந்தன. குழம்பில் போடுகிற மஞ்சளுக்கும், குப்பியில் அடைத்து விற்கிற மஞ்சள் சத்துக்கும் பேர் ஒன்றே தவிர, உடம்புக்கு அவை ஒன்றல்ல.

இப்படியெல்லாம் நாம் எழுதினால், “உங்களுக்குச் செடி என்றாலே பிடிக்காது, இங்கிலீஷ் மருந்துக் கம்பெனிக்குப் பரிந்து பேசுகிறீர்கள்” என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்காக ஒரு செடியின் கதையைச் சொல்லுகிறோம்.

ஐரோப்பாவில் கலேகா என்று ஒரு செடி உண்டு. அடிக்கடி மூத்திரம் போகிறவர்களுக்கு அதைக் கொடுப்பது அங்கே பழைய நாட்டு வைத்தியம். அதே செடியை அதிகமாய் மேய்ந்தால் ஆடுகள் செத்தும் போயின. அந்தச் செடியில் குவானிடின் சம்பந்தப்பட்ட பொருள்கள் இருப்பதை ரசாயனிகள் கண்டார்கள். 1918-ல் குவானிடின் முயல்களின் ரத்தச் சர்க்கரையை இறக்குகிறது என்று தெரிந்தது. ஆனால் அது விஷம். 1920-களில் செடியிலிருந்தே எடுத்த கலேஜின் என்கிற பொருளை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தும் சரிப்படவில்லை. 1922-ல் டப்ளினில் அதே சாயலில் வேறொரு பொருள் செய்யப்பட்டது; அப்பொழுது யாரும் அதைப் பெரிதாய்க் கவனிக்கவில்லை. 1957-ல் பிரான்சில் ழான் ஸ்டெர்ன் என்கிற டாக்டர் அதை நீரிழிவுக்காரர்களுக்குக் கொடுத்துப் பலனை எழுதினார். அதன் பிறகும் அமெரிக்க சர்க்கார் அதை அனுமதித்தது 1994-ல்தான். 1998-ல் இங்கிலாந்தில் பல வருஷம் நடந்த பெரிய பரீட்சை ஒன்றின் முடிவு வெளியாயிற்று: பருத்த உடம்புள்ள நீரிழிவுக்காரர்களில், உணவுக் கட்டுப்பாடு மாத்திரம் இருந்தவர்களைவிட இந்த மாத்திரையும் தின்றவர்களுக்கு அவ்வியாதியால் வரும் சாவு 100-க்கு 42 பங்கு குறைவு.

அந்த மாத்திரைதான் மெட்பார்மின். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு வாங்காமல் கொடுக்கிறார்களே, “வேண்டாம், அது கெமிக்கல்” என்று பலர் குப்பையில் போடுகிறார்களே, அதேதான். அதன் பூர்வீகம் ஒரு பச்சிலை. அந்தப் பச்சிலையையே அரைத்துக் குடித்திருந்தால் எத்தனை பேர் செத்திருப்பார்களோ தெரியாது. விஷத்தைக் கழித்து, அளவைக் கண்டு, யாருக்கு ஆகும் யாருக்கு ஆகாது, சிறுநீரகம் கெட்டவர்களுக்கு எப்படி என்றெல்லாம் ஆராய்ந்து, ஆயிரக்கணக்கான பேரிடம் பார்த்த பிறகே அது மருந்தாயிற்று. அமெரிக்காவில் இன்றும் அந்தச் செடி ஒழிக்கப்பட வேண்டிய களைகளின் சர்க்கார் ஜாப்தாவில் இருக்கிறது!

கம்பெனிக்குப் பரிந்து பேசுகிறோமா என்பதற்கும் இதே வகையறாவில் பதில் இருக்கிறது. மெட்பார்மினுக்கு ஒரு சகோதரன் உண்டு, பேர் பென்பார்மின். கம்பெனிகள் அமோகமாய் விற்றன. அது ரத்தத்தில் அமிலத்தை ஏற்றி ஆட்களைக் கொல்லுகிறது என்று கணக்கெடுத்ததில் தெரிந்ததும், 1977-ல் அமெரிக்காவில் அதை நிறுத்தினார்கள். கணக்கெடுத்தார்கள், ஆகவே தெரிந்தது. தெரிந்தது, ஆகவே நிறுத்தினார்கள். நமது சூரணக்காரர்களில் எவராவது, தம்மிடம் வந்தவர்களில் எத்தனை பேருக்குக் கண் போயிற்று, எத்தனை பேருக்குக் கால் எடுத்தார்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறாரா? “குணமானவர்கள்” என்று நாலு பேரைப் படம் பிடித்துக் காட்டுகிறார்களே, மற்றவர்கள் எங்கே?

இது வெறும் வாதத்திற்கான விஷயமாய் இருந்தால் இவ்வளவு தூரம் எழுதியிருக்க மாட்டோம். நீரிழிவு என்பது ஒரே வியாதியல்ல. சிறு பிள்ளைகளுக்கு வருகின்ற வகை ஒன்று உண்டு. அதில் கணையத்திலுள்ள இன்சுலின் சுரக்கும் அணுக்களை அப்பிள்ளையின் உடம்பே அழித்துவிடுகிறது. அந்தப் பிள்ளைக்கு இன்சுலின் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். வேறு வழியே கிடையாது. 1922 ஜனவரியில் டொராண்டோ ஆஸ்பத்திரியில் லியோனார்ட் தாம்சன் என்கிற 14 வயதுப் பையனுக்கு முதன் முதலாக இன்சுலின் குத்தப்பட்டது. எலும்புந் தோலுமாய்ச் சாகக் கிடந்த பையன் பிழைத்து, மேலும் 13 வருஷம் உயிரோடிருந்தான். அதற்கு முன்பெல்லாம் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பட்டினி போடுவதைத் தவிர வைத்தியமே இல்லை; சில மாதமோ ஒன்றிரண்டு வருஷமோ இருந்து செத்தார்கள். அக்காலத்திலும் உலகத்தில் பாகற்காய் இருந்தது, வேம்பு இருந்தது, வெந்தயம் இருந்தது, குறிஞ்சான் இருந்தது. ஒன்றும் அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றவில்லை.

நமக்குத் தெரிந்த ஒரு கிராமத்தில் 9 வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு இவ்வகை நீரிழிவு. தினம் ஊசி குத்துவதைப் பார்க்கச் சகியாத தகப்பனார், யாரோ சொன்னதைக் கேட்டு ஊசியை நிறுத்திக் கஷாயம் கொடுக்க ஆரம்பித்தார். மூன்றாம் நாள் குழந்தைக்கு வாந்தி, மூச்சு இரைத்தது, அழுகிய பழம் போல வாயில் வாடை அடித்தது. பெரிய ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்து பிழைத்தது. கஷாயம் கொடுத்தவரைப் போய்க் கேட்டதற்கு, “பத்தியம் தவறியிருக்கும்” என்றார். பிழைத்திருந்தால் மருந்தின் மகிமை, பிழைக்காவிட்டால் பத்தியக் குற்றம்! தகப்பனாரைக் குற்றஞ் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பெற்ற குழந்தையைத் தினம் நாலு தடவை குத்துகின்றவனுக்கு, “குத்த வேண்டாம்” என்று ஒருவன் சொல்லும் வார்த்தை எவ்வளவு இனிப்பாயிருக்கும்! அந்த இனிப்பை விற்பவர்களைத்தான் சொல்லுகிறோம்.

1954-ம் வருஷத்திலேயே இந்தியாவில் ஒரு சட்டம் வந்தது. சில வியாதிகளைக் குணமாக்குவதாய் மருந்து விளம்பரம் செய்வது குற்றம் என்று அச்சட்டம் சொல்லுகிறது. அந்த வியாதிகளின் பட்டியலில் நீரிழிவும் உண்டு. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. விளம்பரம் பஸ்ஸின் முதுகில் இருக்கிறது.

மூலிகை என்று சொல்லி விற்கிற மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்பதும் சந்தேகம்தான். 2008-ல் சிங்கப்பூரில், நீரிழிவே இல்லாத சுமார் 150 பேர் திடீரென்று ரத்தச் சர்க்கரை விழுந்து ஆஸ்பத்திரிகளுக்கு வந்தார்கள். 4 பேர் செத்தார்கள். விசாரித்ததில், அவர்களில் பலர் தின்ற ஆண்மை மூலிகை மாத்திரை முதலியவற்றில் கிளிபென்கிளமைட் என்கிற இங்கிலீஷ் சர்க்கரை மருந்து ஏராளமாய்க் கலந்திருந்தது. அதே வருஷம், இன்டர்நெட் மூலம் விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வாங்கிச் சோதித்ததில், 5-ல் ஒன்றில் ஈயமோ பாதரசமோ பாஷாணமோ இருந்தது.

சரி, செடிகளில் உள்ள பொருள்களால் இந்த வியாதிக்கு ஒரு பலனுமே கிடையாதா என்று கேட்டால், உண்டு, நிச்சயமாய் உண்டு. ஆனால் அதை யாரும் குப்பியில் விற்பதில்லை, ஏனெனில் அதில் லாபமில்லை. அதுதான் தவிடும், தோலும், நாரும். 2019-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பில், 185 தொடர் ஆராய்ச்சிகளையும் 58 பரீட்சைகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். தினம் 25 முதல் 29 கிராம் நார்ச்சத்துத் தின்கின்றவர்களுக்கு, குறைவாய்த் தின்பவர்களைவிட மாரடைப்பும், நீரிழிவும், அகாலச் சாவும் 100-க்கு 15 முதல் 30 பங்கு வரை குறைவாயிருந்தது. நாம் என்ன செய்கிறோம்? நெல்லை மில்லுக்குக் கொண்டுபோய் மல்லிகைப்பூப் போல் வெளுக்கத் தீட்டுகிறோம். தவிட்டை மாட்டுக்கு வைக்கிறோம். பிறகு தவிட்டில் போன சத்துக்காகப் பொடி வாங்குகிறோம்! 1890-களில் ஜாவாவில் ஐக்மன் என்கிற டாக்டர், தீட்டின அரிசியைத் தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதையும், தீட்டாத அரிசியைக் கொடுத்தால் எழுந்து நடப்பதையும் கண்டு சொன்னார். அதற்காகப் பின்னால் நோபல் பரிசும் கொடுத்தார்கள். கோழிக்குத் தெரிந்தது இன்னும் நமது கலியாணப் பந்திக்குத் தெரியவில்லை. பந்தியில் பழுப்பு அரிசியைப் போட்டால் சம்பந்தி எழுந்து போய்விடுவார்.

சென்னையிலேயே 2014-ல் வெளியான ஒரு சிறு பரீட்சையில், பருத்த உடம்புள்ள 15 பேருக்கு வெள்ளை அரிசிக்குப் பதில் தீட்டாத அரிசியைக் கொடுத்து 5 நாள் ரத்தத்தைப் பார்த்ததில், சர்க்கரை ஏறும் அளவு 100-க்கு சுமார் 20 பங்கு குறைந்தது. பயறும் சேர்த்துக் கொடுத்தபோது இன்னும் சற்றுக் குறைந்தது. பரீட்சை சிறியதுதான், ஆனால் மேலே சொன்ன பெரிய கணக்கோடு ஒத்துப் போகிறது. இங்கேயும் புரட்டு நுழையாமல் இல்லை. கேழ்வரகு என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்கிறார்கள். மாவாய் நுணுக அரைத்துக் கூழாய்க் காய்ச்சி ஒரு சொம்பு குடித்தால் அதுவும் விறுவிறுவென்று ஏறத்தான் செய்யும். கருப்பட்டியும் வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் இயற்கையாம், அதனால் ஏறாதாம்! கருப்பாயிருந்தாலும் சிவப்பாயிருந்தாலும் அதில் பெரும்பங்கு சர்க்கரைதான். ரத்தத்திற்கு நிறம் பார்க்கத் தெரியாது.

இதைவிட முக்கியமாய் ஒன்று. வாசற்படியில் நின்ற 531 பேரைச் சென்னையில் நான்கு பிரிவாக்கி ஏறக்குறைய 3 வருஷம் கவனித்து 2006-ல் வெளியிட்டார்கள். சும்மா விட்டவர்களில் 100-க்கு 55 பேருக்கு வியாதி வந்தது. மெட்பார்மின் தின்றவர்களில் 100-க்கு 40 பேருக்கு வந்தது. மாத்திரை இல்லாமல், தினம் நடந்து, சோற்றையும் சர்க்கரையையும் எண்ணெயையும் குறைத்து, நாருள்ளதைக் கூட்டிக் கொண்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. நடைக்கும் காய்கறிக்கும் மாத்திரைக்குச் சமமான பலம் இருக்கிறது என்பது நம் ஊர் மனிதர்களிடமே பார்த்துக் கண்ட உண்மை. ஆனால் இது வியாதி வருவதைத் தள்ளிப் போடுவதற்கு. வியாதி வந்துவிட்டவர்கள் நடையோடு மருந்தையும் தின்னவேண்டியவர்களே. குறைப்பதும் நிறுத்துவதும் ரத்தத்தைப் பார்த்து டாக்டர் சொல்ல வேண்டிய காரியம்.

கடைசியாக, கசப்பு வைத்தியம் செய்கிறவர்களுக்கு நாம் ஒன்று சொல்லுகிறோம். உங்கள் இலையில் உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதல்லவா? நீரிழிவுள்ள பெரியவர்கள் 100 பேர், மனம் ஒப்பி வருகிறவர்கள், எந்த டாக்டர் மாத்திரையையும் நிறுத்தாமல் இருக்கட்டும். சீட்டுக் குலுக்கி 50 பேருக்கு உங்கள் இலைப் பொடியையும், 50 பேருக்குப் பார்வைக்கும் ருசிக்கும் அதைப் போலவே இருக்கிற வெறும் பொடியையும் கொடுப்போம். யாருக்கு எது என்கிற கணக்கை உறையில் போட்டு ஒட்டி, உங்களுக்கும் எங்களுக்கும் வேண்டாத மூன்றாம் மனிதர் வைத்துக் கொள்ளட்டும். ஒரு டாக்டர் மேற்பார்வை செய்யட்டும். ஆரம்பத்தில் ஒரு தடவையும் 3 மாதம் கழித்து ஒரு தடவையும் எல்லோருடைய ரத்தத்தையும் பார்த்துவிட்டுப் பிறகு உறையைப் பிரிக்கலாம். பலன் எப்படியிருந்தாலும், இதே பத்திரிகையில், இதே பக்கத்தில் போடுகிறோம். சம்மதமுள்ளவர்கள் பத்திரிகை விலாசத்திற்குக் கடிதம் எழுதலாம். கடிதத்தில் செடியின் பேர், எந்தப் பாகம், ஒரு நாளைக்கு எத்தனை கிராம் என்பதை விவரமாய் எழுதவேண்டும். “ரகசியச் சேர்க்கை” என்று எழுதுகிற கடிதங்களுக்குப் பதில் கிடையாது.